பாட்டுப் பொம்மை தரையில், பிள்ளை இடுப்பில்: கோளாறு எங்கே?

பாட்டுப் பொம்மை வாங்குகிற எல்லோர் மனதிலும் ஒரு கணக்கு இருக்கும். பிள்ளை அதை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் உட்காரும், அதற்குள் குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றிவிடலாம், இல்லையென்றால் ஒரு வாய் காபியாவது சூடாகக் குடிக்கலாம். மூன்றாம் நாளே கணக்கு தப்பிவிடும். பொம்மை தரையில் கிடந்து பாடிக்கொண்டிருக்கும், பிள்ளை நம் இடுப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை. உடைந்ததைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் ஒரு பையில் பாடாத பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிலவற்றில் கம்பி அறுந்திருக்கும், சிலவற்றில் பேட்டரி கசிந்திருக்கும். இன்னும் சிலவற்றில் ஒரு பழுதும் இருக்காது. “நல்லாத்தான் இருக்கு, ஆனா பிள்ளை தொடவே மாட்டேங்குது” என்பார்கள். அதையும் கோளாறாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இங்கே இரண்டு வகையும் கலந்தே வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு சோதனை. பிள்ளை பொம்மையிலிருந்து கையை எடுத்ததும் என்ன ஆகிறது என்று பாருங்கள். கிலுகிலுப்பை என்றால் அந்த நொடியே அடங்கிவிடும். டமாரமும் அப்படித்தான். பட்டன் வைத்த பொம்மையோ கையை எடுத்த பிறகும் அரை நிமிடம் தன்பாட்டுக்குப் பாடும். முதலாவதில் வேலை செய்வது பிள்ளை, இரண்டாவதில் பேட்டரி. கீழே வரும் பல கோளாறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு தடவை அமுக்கிவிட்டு, ‘தூக்கு’ என்று வந்து நிற்கிறாள்

நான் அதிகம் கேட்கும் புகார் இது. அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

முதலில் வயதைப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரு பொருளோடு ஐந்து நிமிடம் தன்பாட்டுக்கு இருந்தாலே பெரிய விஷயம். அதிலும் பத்தாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, அம்மா கண்ணுக்கு மறைந்தாலே கலங்குகிற காலம். அந்த வயதில் கால்மணி நேரம் எதிர்பார்த்தால் தவறு நம் எதிர்பார்ப்பில்தான்.

அடுத்து தூரம். தனியாக விளையாடுவது வேறு, தனி அறையில் விளையாடுவது வேறு. பொம்மைகளைப் படுக்கையறையில் பரப்பிவிட்டு நாம் அடுப்படியில் நின்றால் பிள்ளை வரத்தான் செய்யும். அடுப்படி வாசலுக்கு வெளியே, சூடும் எண்ணெயும் தெறிக்காத தூரத்தில், நம் முகம் தெரிகிற இடமாகப் பாயைப் போடுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. சில சமயம் சின்னவள் டமாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தட்டாமல், நான் வெங்காயம் நறுக்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் “தட்டு பாப்பா, தட்டு” என்று நான் தூண்டிவிடுவேன். இப்போது இல்லை. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில் சிறு பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, வெறுமனே வேடிக்கை பார்ப்பதையும் ஒரு வகையாகவே சேர்த்தார். பார்த்துக்கொண்டிருப்பதும் அவளுக்கு வேலைதான்.

மூன்றாவதுதான் பொம்மை. பட்டனை அமுக்கினால் முழுப்பாட்டும் வருகிற பொம்மையில், பிள்ளைக்கு ஒரு வேலைதான், அமுக்குவது. அதன் பிறகு காத்திருக்க வேண்டும். இரண்டு நாளில் எந்தப் பட்டனுக்கு எந்தப் பாட்டு என்று தெரிந்துவிடும், அப்புறம் அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. பொம்மை பேசினால் பெரியவர்கள் வாய் மூடிவிடுவதும் உண்டு. வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் வந்த ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகள் வீட்டில் விளையாடுவதைப் பதிவு செய்தார்கள். பாடிப் பேசும் மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. மரப் பொம்மையோடும் புத்தகத்தோடும் இருந்தபோது அதிகம் பேசினார்கள். பிள்ளை பட்டனை அமுக்கிவிட்டு நம்மிடம் ஓடி வருவது, காணாமல் போன அந்தக் குரலைத் தேடித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அது ஆய்வு சொன்னதல்ல, என் ஊகம்.

சரி, என்ன செய்யலாம்? முதல் மூன்று நான்கு நிமிடம் நீங்களும் பாயில் உட்காருங்கள். ஆனால் பொம்மையைத் தொட வேண்டாம். அவள் இரண்டு தட்டு தட்டினால் நீங்கள் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். அவள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அவள் கை வேகம் பிடித்ததும் மெதுவாக உங்கள் பங்கைக் குறைத்து, எழுந்து, “அரிசி கழுவிவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் நழுவினால் அடுத்த தடவை ஒரு கண்ணை உங்கள் மேலேயே வைத்திருப்பாள். சொன்னபடி, அழ ஆரம்பிப்பதற்கு முன்பே திரும்பி வந்து தலையைக் காட்டுங்கள். முதல் நாள் ஒரு நிமிடம் போதும். பத்து நாளில் அரிசி கழுவுவது பருப்பு தாளிப்பது வரை நீளும்.

கெடுப்பது எது தெரியுமா? அவள் மும்முரமாக இருக்கும்போது “சூப்பர்டா செல்லம்!” என்று கை தட்டுவது. அவள் நிமிர்ந்து பார்ப்பாள், நம்மைப் பார்த்துச் சிரிப்பாள், அதோடு விளையாட்டு முடிந்தது. வீடியோ எடுக்கப் போனாலும் இதே கதிதான். என் போனில் இருக்கும் அவளுடைய டமார வீடியோக்கள் எல்லாமே ஐந்தாறு விநாடியில், அவள் கேமராவை நோக்கி ஓடி வருவதோடு முடிகின்றன.

பசியிலும் தூக்கத்திலும் இருக்கும் பிள்ளைக்கு மேலே சொன்ன எதுவும் செல்லாது. மாலை ஆறு மணிக்கு முயன்று பார்த்துவிட்டுச் சரிவரவில்லை என்று சொல்லாதீர்கள். காலையில் சாப்பிட்டு முடித்த பிறகு பாருங்கள்.

கூடை நிறையப் பொம்மை, எதிலும் கை நிற்கவில்லை

கூடையைக் காலி செய்யுங்கள். டொலீடோ பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வில், 18 முதல் 30 மாத வயதுள்ள 36 பிள்ளைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும், இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் கால்மணி நேரம் விளையாட விட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நின்றார்கள், ஒரே பொம்மையைப் பல விதமாகப் பயன்படுத்தினார்கள்.

நாங்கள் நான்கைந்தை மட்டும் வெளியே வைத்து, மீதியை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போட்டோம். அதிலும் ஓசை வருவது இரண்டுதான் இருக்கலாம். தட்டுவது ஒன்று, குலுக்குவது ஒன்று. மூன்று பொம்மை ஒரே நேரத்தில் பாடினால் எது எதனுடைய ஓசை என்று பெரியவர்களுக்கே புரியாது. பத்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பரணில் இருப்பதை இறக்கி மாற்றினால் பழையதுகூடப் புதிதாகத் தெரியும். பிறந்தநாளுக்கு வந்த பொம்மைகளை எல்லாம் அன்றே பிரிக்காமல் இருப்பதும் நல்லது. அதற்கு மாமியார் ஒப்புக்கொள்ள வேண்டும், அது தனிக் கதை.

ஒரே பாட்டு, நாற்பதாவது தடவை

பிள்ளைக்குக் கோளாறில்லை. இந்த வயதில் திரும்பத் திரும்பச் செய்துதான் கற்றுக்கொள்கிறார்கள். கோளாறு நம் காதுக்கு. ஆனால் ஓசை அளவைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் பிள்ளையின் காதுக்கும் அது சேராமல் போகலாம்.

அமெரிக்கப் பொம்மைத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்963, கையில் பிடிக்கும் பொம்மைகளின் தொடர் ஓசைக்கு 85 டெசிபல் என்று எல்லை வைக்கிறது. அதை அளப்பது 50 செ.மீ. தூரத்தில். பிள்ளையின் கை அவ்வளவு நீளமா? முகத்துக்கு நேரே, சில சமயம் காதோடு ஒட்டித்தான் வைத்துக்கொள்ளும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் ஏறும். 50 செ.மீ. என்பது 12 செ.மீ. ஆனால் 85 என்பது கணக்குப்படி 97 ஆகிவிடும். தொழிற்சாலையில் வேலை செய்யும் பெரியவர்களுக்கே 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 97க்கு அரை மணி நேரம்தான். தர எல்லைக்குள் இருக்கும் பொம்மைக்கே இந்தக் கதி.

அளக்கக் கருவி வேண்டாம். பொம்மையை உங்கள் காதருகே, பிள்ளை பிடிக்கும் தூரத்தில் வைத்துப் பாட விடுங்கள். முகம் சுளிக்கிறதா? பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அதிகம்.

குறைக்கும் வழி: பின்பக்க ஸ்விட்சில் மூன்று நிலை இருந்தால் நடுவில் இருப்பது பெரும்பாலும் குறைந்த ஓசை. இல்லையென்றால் ஸ்பீக்கர் துளைகளின் மேல் அகலமான செல்லோடேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் பிள்ளை பிய்த்து வாயில் போடும், ஆகவே மூடியைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுவதே சரி. சால்டரிங் தெரிந்தவர்கள் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பியில் ஒன்றை வெட்டி, இடையில் 47 ஓம் அல்லது 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடலாம். பெரும்பாலான பொம்மை ஸ்பீக்கர்கள் 8 ஓம்தான், ஓசை நன்றாக இறங்கும். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்ச் சாமான், வீட்டுக்கு வரும் நிம்மதிக்கு விலை இல்லை.

புதுப் பொம்மை இரண்டு விநாடி பாடி நின்றுவிடுகிறது

கடையில் காட்டுவதற்கான நிலையிலேயே அது இருக்கிறது. பேட்டரி மூடியின் இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் இழுத்து எடுங்கள். ஸ்விட்ச் ‘ட்ரை’ என்ற நிலையில் இருந்தால் ‘ஆன்’ பக்கம் தள்ளுங்கள். இதற்காகவே மாற்றித் தரச் சொல்லிக் கடையில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

பாட்டு இழுக்கிறது, குரல் தடித்துவிட்டது

பேட்டரி தீர்கிறது. மலிவான பொம்மைகளில் பாட்டின் வேகத்தைத் தீர்மானிக்கும் சுற்று வோல்ட் இறங்கினால் தானும் தளர்ந்துவிடும், அதனால்தான் குயில் போலப் பாடியது எருமை போலப் பாடுகிறது. எல்லா செல்களையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது இரண்டு, புதியது ஒன்று என்று கலந்தால் பலவீனமான செல்தான் முதலில் கசியும். சார்ஜ் செய்யும் செல் போட்டிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சாதா ஏஏ செல் 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட். மூன்று போட்டால் 4.5க்குப் பதில் 3.6தான் வரும். சில பொம்மைகள் அதில் தடுமாறும், அது பழுதல்ல.

ஓசையே இல்லை

செல் புதிதா, கூட்டல் கழித்தல் சரியா என்று பார்த்தாகிவிட்டது என்றால் பேட்டரி அறையின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்திருந்தால் கசிவு. ஆல்கலைன் செல் கசிவது காரம். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, அப்புறம் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பிள்ளை தூங்கும்போது செய்யுங்கள். கடற்கரை ஊர்களில் கசிவே இல்லாமல் உப்புக்காற்றிலும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

அதற்கும் மசியவில்லையென்றால் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். நான் திறந்தவற்றில் அதிகம் பார்த்தது, ஸ்பிரிங்கிலிருந்தோ ஸ்பீக்கரிலிருந்தோ அறுந்து தொங்கும் தலைமுடி போன்ற கம்பி. கீழே போட்டுப் போட்டு அறுந்திருக்கும். ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, அதன் இரண்டு முனையிலும் ஒரு சாதா செல்லை நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். ‘டிக்’ என்றால் ஸ்பீக்கர் நல்லது, கோளாறு வேறிடத்தில்.

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை, அல்லது விடாமல் பாடுகிறது

பால், ஜூஸ், குழைந்த வாழைப்பழம். பட்டனுக்கு அடியில் ரப்பர் மேடு ஒன்று இருக்கும், அதன் உள்ளே கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. அதையும் அது தொடும் தகட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாலில் விழுந்த பொம்மையை முதலில் செல் கழற்றி, பிறகு துடைத்து, ஒன்றிரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளையும்.

நடுராத்திரியில் தானே பாடுகிறது

பேய் இல்லை. பெட்டிக்குள் வேறொரு பொம்மை அதன் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது பேட்டரி தீரும் தறுவாயில் சுற்று அணைந்து அணைந்து விழிக்கும், விழிக்கும் ஒவ்வொரு தடவையும் வரவேற்புப் பாட்டைப் பாடும். ராத்திரி ஸ்விட்சை அணைத்து வையுங்கள்.

பேட்டரி மூடி ஆடுகிறது

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் இன்றே செய்வதானால் இதைச் செய்யுங்கள். பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்க வேண்டும், அது இறுகியிருக்க வேண்டும். திருகாணி தொலைந்த பொம்மை, குறிப்பாகப் பட்டன் பேட்டரி போட்டது, பிள்ளை கைக்குப் போகவே கூடாது.

தட்டையான லித்தியம் பட்டன் பேட்டரி, உதாரணமாக 20 மி.மீ. அகலமுள்ள சிஆர்2032, விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து, 2 மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்து புண்ணாகத் தொடங்கும். திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, பிறந்தநாள் கேக்கில் பாடும் பூ மெழுகுவத்தி, இவற்றுக்குள் இருப்பதும் பட்டன் பேட்டரிதான். பொம்மையைப் பார்க்கும் கண்ணால் இவற்றை யாரும் பார்ப்பதில்லை. கேக் வெட்டி முடித்ததும் அந்தப் பூவைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறோம்.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, எச்சில் ஒழுகினாலோ, சாப்பிட மறுத்தாலோ, திடீரென்று இருமினாலோ, காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள், தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள். பிள்ளைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்கி 12 மணி நேரம் தாண்டாமல் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு தடவை கொடுக்கலாம் என்பது அமெரிக்க நச்சுத் தகவல் மையத்தின் வழிகாட்டல். தேனைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

சைலபோன் ‘டொக் டொக்’ என்கிறது

தட்டினால் மணி போல நீளாமல் மரத்தைத் தட்டுவது போல ஒலித்தால், பட்டையைப் பிடித்திருக்கும் திருகாணி அதிகமாக இறுகியிருக்கிறது. ஒரு பட்டையைத் தட்டும்போது நடுவும் இரு முனைகளும் அதிரும், ஆனால் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஏறக்குறைய 22 சதவீதத்தில் இருக்கும் இரண்டு இடங்கள் அசையாது. 20 செ.மீ. பட்டை என்றால் முனையிலிருந்து சுமார் 4.5 செ.மீ. அங்கேதான் பிடிக்க வேண்டும், லேசாக. திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தி, அடியில் ஒரு துண்டு கம்பளித் துணி கொடுங்கள். ஓட்டையே முனையோரமாகப் போட்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. பட்டையில் எழுதிய ‘ச ரி க ம’வும் அநேகமாக வெறும் அலங்காரம்தான்.

எனக்கு எல்லா ஓசைப் பொம்மையிலும் பிடித்தது இதுதான். தட்டினால் ஓசை, விட்டால் அமைதி. பெரிய பட்டை தாழ்ந்த ஓசை, சிறிய பட்டை உயர்ந்த ஓசை என்பதை யாரும் சொல்லாமலே பிள்ளை கண்டுபிடிக்கும்.

குச்சியைக் கொடுத்தால் தம்பியை அடிக்கிறான்

குச்சியை எடுத்துவிடுங்கள், டமாரத்தை வைத்துவிடுங்கள். பிள்ளைத்தமிழில்கூடக் கை தட்டும் சப்பாணிப் பருவத்துக்குப் பிறகுதான் பறை கொட்டும் சிறுபறைப் பருவம் வரும். முதலில் வெறுங்கை, பறையும் குச்சியும் வெகு காலம் கழித்து. ஒன்றரை வயதுக்காரனுக்கு உள்ளங்கையால் தட்டும் ஓசையே போதும். கவிழ்த்த எவர்சில்வர் குண்டான், பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கும். இரண்டு வயதுக்கு மேல் குச்சி கொடுப்பதானால் கட்டையாக, முனை உருண்டையாக, வாயில் வைத்து ஓடினாலும் தொண்டையில் குத்தாத அளவில் இருக்கட்டும்.

தூக்கி எறிவதும் அப்படித்தான். விழுந்தால் என்ன ஓசை என்று பார்க்கிறான். துணிப்பந்துக்குள் மணி வைத்துத் தைத்ததைக் கொடுத்தால் எறிந்துவிட்டுப் போகட்டும்.

எதையும் வாயில் வைக்கிறாள்

மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு சிறு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு எதுவும் தொண்டையை அடைக்கலாம். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அதைவிடக் கொஞ்சம் பெரிய பொருள்வரை ஆபத்து என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் கடை பீப்பிக்குள் இருக்கும் சீவாளி போன்ற துண்டு கழன்று மூச்சுக்குழலுக்குள் போகலாம். பலூன் மாட்டிய பீப்பி அதைவிட மோசம், வெடித்த ரப்பர் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். சித்திரைத் திருவிழாவில் டமாரம் வாங்கலாம், பீப்பி வேண்டாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெரியவன் இதை இன்னும் ஏற்கவில்லை.

வீட்டிலேயே கிலுகிலுப்பை செய்பவர்கள் பாட்டிலில் புளியங்கொட்டையும் கடலையும் போடாதீர்கள். மூடி கழன்றால் மூச்சுக்குழலை அடைப்பது இவைதான். அரிசி போட்டு, மூடியைப் பசை வைத்து ஒட்டி, மேலே டேப் சுற்றுங்கள். பாட்டிலில் கீறல் விழுந்ததும் எறிந்துவிடுங்கள்.

கடையில் வாங்கும்போது, 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரி இல்லாதவற்றில் ஐஎஸ் 9873, பேட்டரி உள்ளவற்றில் ஐஎஸ் 15644 என்று இருக்கும். முத்திரையோடு உள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, முத்திரை தரும் அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொம்மைகளுக்கு இந்தக் கட்டாயத்தில் விலக்கு உண்டு. அதனால் பெங்களூரு – மைசூரு சாலையில் சன்னபட்ணாவில் வாங்கிய மரக் கிலுகிலுப்பையில் முத்திரை இல்லையே என்று பதற வேண்டாம். அவை வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றியவை.

நான் அந்தப் பக்கம் போனதும் பாட்டி போனைக் கொடுத்துவிடுகிறார்

பாட்டியைக் குறை சொல்லாதீர்கள், முழங்கால் வலியோடு துள்ளும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொன்னதைப் படித்துக் காட்டினால் சண்டைதான் வரும். எங்கள் அம்மாவிடம் பலித்தது வேறு வழி. அவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கிலுகிலுப்பையும் டமாரமும் உள்ள சிறு கூடையை வைத்தோம். எழுந்து போய் எடுக்க வேண்டியதில்லை என்றானதும், போனுக்குப் பதில் கை கூடைக்குப் போக ஆரம்பித்தது. அவர் பாட, அவள் தட்ட, தாளம் எங்கோ போகும். இருவருக்கும் கவலையில்லை.

பேட்டரி தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது, பிள்ளை கவனிக்கவே இல்லை

சின்னவளின் பிளாஸ்டிக் கிடார் இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறது. கம்பிகளைச் சுரண்டுகிறாள், முதுகில் தட்டுகிறாள், பாட்டை அவளே பாடுகிறாள். இதற்குப் புதுச் செல் வாங்க வேண்டாம். தீர்ந்த செல்லைக் கழற்றி எடுத்துவிட்டு, மூடியைத் திரும்ப மாட்டித் திருகாணியை முடுக்கிவிடுங்கள். உள்ளேயே விட்டால் மழைக்காலத்துக்குள் கசிந்துவிடும்.